எந்த வலிக்கு எந்த மசாஜ்? முதல்முறை போகிறவர்களுக்கு

மசாஜ் நிலையத்தின் விலைப்பட்டியலை முதன்முதலாகப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, தாய் (தாய்லாந்து முறை), ஷியாட்சு, அரோமா, ஹாட் ஸ்டோன், அபியங்கம் என்று பெயர்கள் நீளும். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி அலங்காரம் இருக்கும். "உடலும் உள்ளமும் புத்துணர்வு பெறும்" என்பதை எல்லாவற்றுக்கும் எழுதிவிடலாம், எழுதியும் இருப்பார்கள்.

பெயர்களை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் வித்தியாசம் நாலே விஷயத்தில்தான். எண்ணெய் உண்டா, இல்லையா? அழுத்தம் மேலோடு நிற்கிறதா, தசையின் அடிவரை போகிறதா? உங்கள் கைகால்களை அவர் மடக்கி இழுக்கிறாரா, நீங்கள் அசையாமல் படுத்திருக்கிறீர்களா? உடம்பு முழுக்கவா, வலிக்கிற இடத்தில் மட்டுமா? இந்த நான்கையும் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும், பட்டியலில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே என்ன நடக்கும் என்று ஊகித்துவிடலாம். அரோமா என்பது வாசனை எண்ணெய் சேர்த்த ஸ்வீடிஷ். ஹாட் ஸ்டோன் என்பது சூடான கல் வைத்த ஸ்வீடிஷ். விலை மட்டும் தனி.

கை என்ன செய்கிறது

ஸ்வீடிஷ் மசாஜ் என்று உலகம் சொல்வதை ஸ்வீடன்காரர்கள் 'கிளாசிக் மசாஜ்' என்றே சொல்கிறார்கள். 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கிய பெர் ஹென்ரிக் லிங் இதைக் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அவர் வகுத்தது மருத்துவ உடற்பயிற்சி. மசாஜின் கையசைவுகளை வகைப்படுத்தி, இன்றும் வழங்கும் பிரெஞ்சுப் பெயர்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் நெதர்லாந்து மருத்துவர் யோகான் கெயோர்க் மெட்ஸ்கர் (1838–1909). பெயர்தான் பிரெஞ்சு, அசைவுகள் நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரிந்தவை. நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்த்தல்.

நீவுதல் முழு உள்ளங்கையால் செய்வது. கணுக்காலிலிருந்து தொடைக்கு, மணிக்கட்டிலிருந்து தோளுக்கு என்று இதயத்தை நோக்கி அழுத்தம் போகும். திரும்பி வரும்போது கை சும்மா வழுக்கி வரும். எண்ணெய் பரவுவதும் தசை சூடாவதும் இதில்தான். அதைவிட முக்கியம், எங்கே இறுகியிருக்கிறது என்று அவருடைய கை தெரிந்துகொள்வதும் இதில்தான். எடுத்தவுடனே பிசையத் தொடங்குகிறவர் அவசரத்தில் இருக்கிறார் என்று பொருள்.

பிசைவது சப்பாத்தி மாவைப் போலத்தான்: தசையை எலும்பிலிருந்து தூக்கி, உருட்டி, விடுவது. கெண்டைக்கால், தொடை, தோள்பட்டை என்று சதைப்பற்றுள்ள இடங்களுக்கு ஏற்றது. விரல் நுனியால் பிடித்தால் தசை வராது, தோல்தான் வரும். கிள்ளுவது போல உணர்ந்தால் தப்பாகச் செய்கிறார் என்று அர்த்தம். தேய்த்தல் என்பது கட்டைவிரலால் சிறு வட்டமாகவோ தசை நாரின் குறுக்காகவோ ஓரிடத்தில் செய்வது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் தோல் எரியும். தட்டுவது தொடையிலும் மேல்முதுகிலும் சரி. முதுகெலும்பின் மேலும், சிறுநீரகம் இருக்கும் கீழ்விலாப் பக்கத்திலும், முழங்காலுக்குப் பின்னாலும் தட்டக் கூடாது. அதிர்த்தலுக்குத் தனி விளக்கம் தேவையில்லை. கையை வைத்து உதறுவதுதான்.

இதனால் உடம்புக்குள் என்ன ஆகிறது? 'நஞ்சு வெளியேறுகிறது' என்று எழுதியிருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போங்கள். கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. ஓடி முடித்தவரின் தசையில் தேங்கும் லாக்டிக் அமிலமும் மசாஜ் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒரு மணி நேரத்தில் தானே வடிந்துவிடும். 'முடிச்சு' என்று நாம் சொல்வதும் கயிற்று முடிச்சு அல்ல; விடாமல் இறுகி நிற்கும் தசைப்பகுதி. அழுத்தம் சீராக, மெதுவாக வரும்போது நரம்பு மண்டலம் எச்சரிக்கையைத் தளர்த்துகிறது, தசை விடுகிறது, வலி குறைகிறது. முதுகு, கழுத்து வலிக்கு இந்த நிவாரணம் பெரும்பாலும் சில நாள்தான் நிற்கும். வலி உண்டான காரணம் அப்படியே இருந்தால் வலியும் திரும்பி வரும்.

ஸ்வீடிஷுக்கு 60 நிமிடம் வழக்கம். எண்ணெய் 20 முதல் 30 மி.லி. போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கால்கள் இரண்டுக்கும் 20 நிமிடம், கைகளுக்கு 10, முதுகுக்கு 20, கழுத்துக்கும் தலைக்கும் 10. தோள்பட்டை வலிக்காகப் போனவருக்குத் தோள்பட்டையில் கிடைப்பது ஏழெட்டு நிமிடம். "உடம்பு நல்லாத்தான் இருந்தது, வலி மட்டும் போகலை" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். கால்களை விட்டுவிட்டு 35 நிமிடம் தோளிலும் மேல்முதுகிலும் செய்யச் சொல்லிக் கேட்கலாம். நல்ல தெரபிஸ்ட் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்.

ஆழமான அழுத்தம் என்றால் வலி அல்ல

டீப் டிஷ்யூ பற்றி ஒரு மூடநம்பிக்கை உண்டு: வலித்தால்தான் வேலை செய்யும் என்பது. நடப்பது நேர்மாறு. மேல்தசை தளராமல் அடித்தசையை எட்ட முடியாது. சட்டென்று அழுத்தினால் உடம்பு தற்காப்பாக இறுகும். இறுகிய தசைமேல் இன்னும் அழுத்தினால் கன்றிப்போகும். அதனால் சரியாகச் செய்பவர் முதல் ஐந்து பத்து நிமிடம் வெறுமனே நீவுவார். பிறகு முன்கை, முழங்கை, மடக்கிய விரல்முட்டி ஆகியவற்றால் மெதுவாக இறங்குவார். முதுகின் ஒரு பக்கத்தைக் கடக்க முழங்கை அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளும். எண்ணெய் குறைவாகவே இருக்கும். கூடினால் கை வழுக்கும், அழுத்தம் உள்ளே போகாமல் பக்கவாட்டில் ஓடிவிடும்.

வலிக்குப் பத்துக்கு மார்க் போடுங்கள். ஐந்து, ஆறு என்றால் 'வலிக்குது, ஆனா சுகமா இருக்கு' என்ற நிலை. ஏழைத் தாண்டினால் சொல்லிவிட வேண்டும். வாய் திறக்கக் கூச்சப்படுபவர்களுக்கு உடம்பே ஓர் அடையாளம் காட்டும்: மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களா, கால்விரல்கள் மடங்கியிருக்கின்றனவா? அப்படியானால் அழுத்தம் அதிகம். மறுநாள் ஜிம்முக்குப் போய் வந்தது போல ஒருநாள், இரண்டுநாள் வலி இருப்பது இயல்பு. நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, கைகாலுக்கு மின்னல்போல வலி ஓடினாலோ அது இயல்பு அல்ல.

முதல்முறை போகிறவர் டீப் டிஷ்யூவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒரு தடவை ஸ்வீடிஷ் செய்துகொண்டு, உங்கள் உடம்புக்கு எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் காசும் முதுகும் மிஞ்சும்.

எண்ணெயே இல்லாத வகைகள்

தாய் மசாஜ் மெத்தைவிரித்த தரையில் நடக்கும். தளர்வான பருத்திச் சட்டையும் கால்சட்டையும் கொடுப்பார்கள், கழற்ற வேண்டியதில்லை. கூச்சம் உள்ளவர்களுக்கு இதுவே பெரிய வசதி. உடம்பில் 'சென்' என்று அவர்கள் சொல்லும் பத்துக் கோடுகள் வழியாக உள்ளங்கை, கட்டைவிரல், முழங்கை, முழங்கால், பாதம் எல்லாவற்றாலும் அழுத்துவார்கள். அப்புறம்தான் விஷயமே தொடங்கும்: காலைத் தூக்கி மடக்கி மார்புக்குக் கொண்டுபோவது, கையைப் பிடித்துப் பின்னால் வளைப்பது, முதுகைத் திருப்புவது. நமக்காக இன்னொருவர் யோகாசனம் போட்டுவிடுவது என்று வைத்துக்கொள்ளலாம். முழுதாகச் செய்ய 90 முதல் 120 நிமிடம் ஆகும். அறுபது நிமிடத் தாய் மசாஜில் பாதி இழுப்புகள் விட்டுப்போகும்.

பாங்காக்கின் வாட் போ கோயில்தான் இதன் தலைமையிடம். மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் அழுத்தும் இடங்களைப் படமாகவும் எழுத்தாகவும் கல்லில் பொறித்து அங்கே பதித்தார்கள். 1955இல் அதே வளாகத்தில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. 2019இல் யுனெஸ்கோ 'நுவாட் தாய்' கலையை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. புத்தருக்கு வைத்தியம் பார்த்ததாகச் சொல்லப்படும் ஜீவகரைத் தங்கள் கலையின் தந்தையாகத் தாய்லாந்துக்காரர்கள் வணங்குகிறார்கள்.

நாள் முழுக்க உட்கார்ந்து இடுப்பும் தொடையின் பின்புறமும் இறுகிப்போனவர்களுக்குத் தாய் மசாஜ் நன்றாக வேலை செய்யும். குனிந்தால் கை பாதத்தைத் தொடாதவர்கள் முதல் தடவையிலேயே வித்தியாசம் உணர்வார்கள். ஆனால் முதுகெலும்புத் தட்டு விலகியவர்கள், இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்றியவர்கள், எலும்பு தேய்ந்து மெலிந்தவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது. அந்த இழுப்பையும் முறுக்கையும் அவர்களுடைய எலும்பு தாங்காது.

ஷியாட்சு ஜப்பானுடையது. 'ஷி' என்றால் விரல், 'அட்சு' என்றால் அழுத்தம். டோக்குஜிரோ நமிகோஷி என்பவர் 1940இல் டோக்கியோவில் இதற்குப் பயிற்சி நிலையம் தொடங்கினார்; ஜப்பானில் இன்று இதைச் செய்ய அரசு உரிமம் வேண்டும். ஆடையோடு படுத்திருக்க, கட்டைவிரலைத் தோலுக்குச் செங்குத்தாக வைத்து, சில விநாடி அழுத்தி, மெதுவாக எடுத்து, அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். தேய்ப்பதே கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கு பிடிக்காதவர்களுக்கும், மதிய இடைவேளையில் போய்விட்டு அலுவலகம் திரும்ப வேண்டியவர்களுக்கும் பொருத்தமானது.

பாதத்துக்கு மட்டும் செய்யும் ரிஃப்ளெக்ஸாலஜி அமெரிக்காவின் யூனிஸ் இங்காம் 1930களில் வளர்த்தெடுத்தது. பாதத்தில் இந்த இடம் கல்லீரல், அந்த இடம் கண் என்று வரைபடம் மாட்டியிருப்பார்கள். பாதத்தை அமுக்கிக் கல்லீரல் நோயைக் கண்டுபிடிக்கவோ குணப்படுத்தவோ முடியும் என்பதற்கு ஆதாரமில்லை. வரைபடத்தை மறந்துவிட்டுப் பாத மசாஜாக எடுத்துக்கொண்டால், நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு 30 நிமிடத்தில் அதைப்போல் சுகம் வேறில்லை.

நம் பக்கத்து முறைகள்

ஷாம்பு என்ற சொல்லே 'சாம்போ' என்ற இந்திச் சொல்லிலிருந்து, அதாவது பிடித்துவிடு, அமுக்கு என்ற பொருளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் மகமது 1810களில் இங்கிலாந்தின் பிரைட்டனில் குளியல் நிலையம் வைத்து இந்த வேலையைத்தான் செய்தார். தலைமுடியோடு அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது பிற்பாடு.

ஆயுர்வேத அபியங்கத்தில் அளவுகளே வேறு. ஸ்வீடிஷுக்கு 30 மி.லி. என்றால் இதற்கு 100 மி.லி.க்குக் குறையாது, எண்ணெய் உடம்பு பொறுக்கும் சூட்டில், ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் இருவர் நின்று ஒரே தாளத்தில் தேய்ப்பார்கள். உட்கார்ந்து, மல்லாந்து, பக்கவாட்டில், குப்புற என்று நிலை மாறிக்கொண்டே வரும். கைகால்களில் ரோமம் படிந்திருக்கும் திசையில் மேலிருந்து கீழாகவும், மூட்டுகளில் வட்டமாகவும் கை போகும். இதயத்தை நோக்கிப் போகும் ஸ்வீடிஷுக்கு இது நேர் எதிர். 45 நிமிடம் தேய்த்த பிறகு, தலை மட்டும் வெளியே தெரியும் மரப்பெட்டியில் 10, 15 நிமிடம் நீராவி. பின்னர் பயத்தமாவு தேய்த்து வெந்நீர்க் குளியல். அழுத்தம் மிதமாகவே இருக்கும். தோள் முடிச்சை எடுப்பதற்காக அபியங்கம் போகிறவர் ஏமாந்து திரும்புவார். தூக்கம் வராதவர், தோல் வறண்டவர், உடம்பெல்லாம் அசதி என்பவர் திருப்தியோடு திரும்புவார்.

எண்ணெயின் பெயரைக் கேட்டு வாங்குவது நல்லது. மூட்டு வலிக்குக் கொட்டஞ்சுக்காதி, பொதுவான வாத வலிக்கும் பிரசவத்துக்குப் பிறகும் தன்வந்தரம், அடிபட்ட இடத்துக்கு முறிவெண்ணெய், எரிச்சலோடு வரும் மூட்டு வலிக்குப் பிண்ட தைலம், சித்த மருத்துவத்தில் உளுந்து தைலம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு. புதுத் தைலம் என்றால் முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டுத் தடவிப் பாருங்கள்; 24 மணி நேரத்தில் தடிப்போ அரிப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது.

பிழிச்சல் என்பது சூடான எண்ணெயை இரண்டு மூன்று லிட்டர் எடுத்து, துணியில் நனைத்து உடம்பெல்லாம் பிழிந்துகொண்டே தேய்ப்பது. கிழி என்றால் மருந்தைத் துணியில் மூட்டையாகக் கட்டி, சட்டியில் சூடாக்கி ஒற்றுவது. பொடிக் கிழி, நொச்சி, எருக்கு, ஆமணக்கு இலைகளை வதக்கிக் கட்டும் இலைக் கிழி, பாலிலும் குறுந்தொட்டிக் கஷாயத்திலும் வேகவைத்த ஞவரை அரிசிக் கிழி என்று வகைகள் உண்டு. கிழியில் நேரும் விபத்து பெரும்பாலும் சூட்டுப் புண். கட்டியவர் முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்த்த பிறகே உங்கள்மேல் வைக்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் ஆறுவதும் கடினம். அவர்கள் காலுக்குக் கிழி வேண்டாம்.

சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகள் 32. அவற்றில் ஒன்று தொக்கணம், அதாவது சித்த மருத்துவத்தின் மசாஜ். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கை கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்லப்பட்டிருக்கிறது. பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஸ்வீடிஷின் தட்டலும், ஷியாட்சுவின் அழுத்தலும், தாய் மசாஜின் இழுத்தல் முறுக்கலும் ஒரே முறைக்குள் இருப்பது தெரியும். வேறுபாடு என்னவென்றால், தொக்கணத்தில் இந்த நோய்க்கு இந்த வகை, இந்தத் தைலம், இத்தனை நாள் என்று மருத்துவர் முடிவு செய்கிறார். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதிக்கொடுத்து, அதன் பிறகு செய்துகொள்ளும் சிகிச்சை இது. பக்கவாதம் வந்து எழுந்தவர்களையும் நாள்பட்ட மூட்டு வலிக்காரர்களையும் ஸ்பாவுக்கு அழைத்துப் போவதைவிட இங்கே கூட்டிப் போவது மேல்.

வர்மத்தை மசாஜ் பட்டியலில் பார்த்தால் எச்சரிக்கையாக இருங்கள். கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் வழிவழியாகக் காத்துவந்த கலை அது. உடம்பில் வர்மம் என்று சொல்லப்படும் 108 நுட்பமான இடங்களைப் படுவர்மம் (அடிபட்டால் ஆபத்து மிகுந்தவை) 12, தொடுவர்மம் (ஆபத்து அதைவிடக் குறைந்தவை) 96 என்று பிரிப்பார்கள். இதே இடங்களைத் தாக்குதலுக்கும் பயன்படுத்துவார்கள் என்பதிலிருந்தே, தெரியாதவர் கை வைக்கக் கூடாது என்பது புரியும். ஆசானிடமோ சித்த மருத்துவரிடமோ போகலாம். மூன்று மாதப் பயிற்சிச் சான்றிதழை மாட்டியவரிடம் வேண்டாம்.

அப்படியானால் எனக்கு எது?

கணினி முன்னால் உட்கார்ந்து கழுத்தும் தோளும் இறுகியிருந்தால் ஷியாட்சுவோ மிதமான டீப் டிஷ்யூவோ, அந்த இடத்தில் மட்டும் 45 நிமிடம். முழு உடம்புக்குக் காசு கொடுக்க வேண்டாம். மார்புத் தசையையும் சேர்த்து இளக்கச் சொல்லுங்கள். தோள் முன்னால் கூனியிருப்பவருக்கு முதுகை மட்டும் பிசைவதில் பாதிப் பயன்தான்.

தூக்கமின்மைக்கும் மன உளைச்சலுக்கும் அபியங்கம் அல்லது ஸ்வீடிஷ். மாலையில் போங்கள், திரும்பியதும் படுக்கலாம். விளையாட்டு வீரர்களுக்குக் கணக்கு வேறு. போட்டிக்கு முன்பு 10, 15 நிமிடம் சுறுசுறுப்பான தேய்ப்பு, முடிந்த பிறகு லேசான நீவல். ஆழ்ந்த அழுத்தத்தைப் போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்போடு நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன் வலியோடு களத்தில் நிற்க நேரும்.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு லேசான ஸ்வீடிஷ் அல்லது அபியங்கம். மேசை ஏறி இறங்க உதவி இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். கர்ப்பிணிகள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். முதல் மூன்று மாதம் பல தெரபிஸ்டுகள் செய்ய மறுப்பார்கள், அது நல்ல அடையாளம். பிறகும் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, தலையணைகள் தாங்க, முதுகுக்கும் தோளுக்கும் மட்டும். வயிற்றில் கை வைக்கக் கூடாது, காலில் ஆழமாக அழுத்தக் கூடாது.

யாரும் தொடக் கூடாத நேரங்கள்

நீண்ட பயணமோ, அறுவை சிகிச்சையோ, படுக்கையோ முடிந்து, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அதைப் பிடித்துவிடவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அமுக்கினால் உறைகட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும். உயிர் போகும் விஷயம் இது. பாசத்தோடு வீட்டார் கால் அமுக்கிவிடும் நேரமும் இதுவே என்பதால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காய்ச்சல், தோல் தொற்று, ஆறாத புண், எலும்பு முறிவு இருந்தால் தள்ளிப் போடுங்கள். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், புற்றுநோய் சிகிச்சை என்றால் மருத்துவரைக் கேட்க வேண்டும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆழ்ந்த அழுத்தம் ஆகாது, உள்ளே ரத்தம் கன்றும். மீத்தைல் சாலிசிலேட் கலந்த வலி தைலங்களை உடம்பெல்லாம் பூசுவதும் அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடும்; பாட்டிலின் பின்பக்கம் படித்துப் பாருங்கள்.

கணுக்கால் பிசகினால் உடனே சுளுக்கு எடுக்க ஓடுவது நம் வழக்கம். முதல் 48 முதல் 72 மணி நேரம் அங்கே தேய்த்தால் வீக்கமும் உள்ரத்தக் கசிவும் கூடும். துணியில் சுற்றிய ஐஸ், காலை உயர்த்தி வைப்பது, ஓய்வு; ஊன்றி நாலு அடி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. முறிந்த எலும்பைச் சுளுக்கு என்று நினைத்து வழிப்பது அவ்வளவு அரிதல்ல.

சலூனில் தலை மசாஜ் முடிந்ததும் தாடையையும் பிடரியையும் பிடித்து 'டக்' என்று திருப்புவார்களே, அதற்கு முன்பே கையைக் காட்டி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. திடீர்த் திருப்பத்தில் அதன் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அரிதாகத்தான் நடக்கும். ஆனால் அந்தச் சத்தத்தால் கிடைக்கும் நன்மை அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

போகிற அன்று

சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். குப்புறப் படுத்து முதுகை அமுக்கும்போது நிறைந்த வயிறு பழிவாங்கும். பத்து நிமிடம் முன்னதாகப் போய் உங்கள் நோய்கள், மாத்திரைகள், பழைய அறுவை சிகிச்சைகளைச் சொல்லுங்கள். எதையும் கேட்காமல் நேரே அறைக்குள் அனுப்புகிற இடம் நல்ல இடமல்ல. ஃபிசியோதெரபியில் பி.பி.டி., சித்தாவில் பி.எஸ்.எம்.எஸ்., ஆயுர்வேதத்தில் பி.ஏ.எம்.எஸ்., இயற்கை மருத்துவத்தில் பி.என்.ஒய்.எஸ். படித்தவர் யாராவது மேற்பார்வையில் இருக்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை. எந்தத் தெரபிஸ்ட், ஆணா பெண்ணா என்பதையும் பதிவு செய்யும்போதே சொல்லிவிடலாம்.

உள்ளாடையைக் கழற்ற வேண்டிய கட்டாயம் எந்த முறையிலும் இல்லை. எண்ணெய் மசாஜில் வேலை நடக்கும் பகுதியை மட்டும் திறந்து, மற்றதைத் துண்டால் மூடி வைப்பதே முறை. மார்பு, பிறப்புறுப்பு, அதை ஒட்டிய இடங்களில் கை வந்தால் நிறுத்தச் சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். அதற்கு விளக்கமும் சொல்ல வேண்டாம், மிச்ச நேரத்துக்குக் கணக்கும் பார்க்க வேண்டாம்.

முடிந்ததும் துள்ளி எழ வேண்டாம். ரத்த அழுத்தம் தணிந்திருக்கும். ஒருக்களித்து, உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து நில்லுங்கள். எண்ணெய் மசாஜ் என்றால் எழுவதற்கு முன் உள்ளங்கால்களை அழுந்தத் துடைக்கச் சொல்லுங்கள். எண்ணெய்க்காலோடு குளியலறை டைல்ஸில் வைக்கும் முதல் அடியில் விழுகிறவர்கள் உண்டு. வயதானவர்களுக்கு அது இடுப்பெலும்பு முறிவு.

வாரம் ஒரு தடவை வீதம் மூன்று நான்கு முறை போயும் ஒரே இடத்து வலி அப்படியே இருக்கிறதென்றால் வகையை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. வலி காலுக்கோ கைக்கோ இறங்கினால், இரவில் எழுப்பினால், கால் பலமிழந்தால் மூன்று முறைகூடக் காத்திருக்க வேண்டாம். எலும்பு மருத்துவரையோ ஃபிசியோதெரபிஸ்டையோ பார்த்து, எந்தத் தசை பலவீனம் என்று கண்டுபிடித்து, பயிற்சியைத் தொடங்குங்கள். மசாஜ் அதற்குப் பக்கத்துணையாக மாதம் ஒன்றிரண்டு தடவை இருந்தால் போதும்.